கைடு கன்சென்ட்டுக்கு முன்னால் நிற்கும் வரிசை: சேலத்தில் ஒரு பிஎச்.டி. சேர்க்கையின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

சேலத்தில் ஒரு தாவரவியல் ஆய்வுத் துறை. இணைப் பேராசிரியர் ஒருவர், உதவிப் பேராசிரியர்கள் மூன்று பேர். நான்கு பேரும் கைடுதான், அதாவது ஆய்வு வழிகாட்டிகள். இந்த ஆண்டு ஆறு இடம் காலி. விண்ணப்பிக்க நினைப்பவர் ஏற்காடு வட்டம் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெண். எம்.எஸ்சி.யில் 61 விழுக்காடு. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆய்வுத் தலைப்பைத் தானே பிடித்து வைத்திருக்கிறார்: காபித் தோட்டத்தில் நாட்டு நிழல் மரங்கள் நிற்கும் பகுதியையும் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் பகுதியையும் ஒப்பிட்டு, அடியில் எத்தனை வகைக் கன்றுகள் முளைக்கின்றன என்று எண்ணுவது.

இந்தத் துறையும் இந்தப் பெண்ணும் மாதிரிகள். பல இடங்களில் வழக்கமாக நடப்பதை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம். மதிப்பெண்களும் ஆள் எண்ணிக்கையும் கணக்கு விளங்குவதற்காக நாங்கள் வைத்தவை. விதி, விழுக்காடு, ஆண்டு எல்லாம் உள்ளபடி. இந்தக் கோப்பை இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறோம்: முதலில் வழக்கமான வழியில், பிறகு திருத்திய வழியில்.

வழக்கமான வழியில் அவர் எழுத்துத் தேர்வு வரைகூட வரவில்லை. யாரும் அவரை நிராகரிக்கவில்லை. நிராகரித்ததாக ஒரு தாளும் கிடையாது. இந்த ஆய்வின் மையமே அதுதான்.

ஊரும் ஆளும்

சேர்வராயன் மலையின் பெரும்பான்மைக் குடி மலையாளிகள். பேசுவது தமிழ். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளி மாவட்ட அலுவலகங்களில் சாதிச் சான்றிதழைப் பார்த்து ‘கேரளாவா?’ என்று கேட்பது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான். பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டுமே மலையாளிகள் பழங்குடியினர். அதே மக்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடியினர் சுமார் 1.1 விழுக்காடு. சேலம் மாவட்டத்தில் சுமார் 3.4. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மலைக்குக் கீழே கருப்பூரில் 1997ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம்; சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதன் எல்லை. ஊரிலேயே 1857ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி. ஆக, எம்.எஸ்சி. வரை படிக்க மாவட்டத்தை விட்டுப் போகத் தேவையில்லை. அடைப்பு அதற்கு மேலேதான்.

விதிப் புத்தகம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நவம்பர் ஒழுங்குமுறைப்படி முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும்; எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். தேர்ச்சி 50, தளர்வோடு 45. இறுதிப் பட்டியலில் எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30. 2024ல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வந்த அறிவிப்பிலும் ஜே.ஆர்.எப். (நெட் வழி வரும் ஆய்வு உதவித்தொகை) அல்லாதவர்களுக்கு இதே 70க்கு 30தான். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை ஸ்காலர்களை, அதாவது பிஎச்.டி. மாணவர்களை, வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் மாநில இடஒதுக்கீடு.

படித்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. விதி பேசாத இடங்களில்தான் கோப்பு நிற்கிறது.

இடத்தை எப்படி எண்ணுகிறார்கள்

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டின் பிரிப்பு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப்போட்டி. நூறு இடத்துக்கு ஒன்று பழங்குடியினருக்கு. இதை ஆறு இடம் உள்ள துறைக்குப் பொருத்தினால் 0.06. ஆண்டுக்கு ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டே போனால் நூறாவது இடத்தைத் தொட 17 ஆண்டு ஆகும். இடங்களுக்கு வரிசையாக எண் போட்டு, எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் சுழற்சிப் பதிவேடுதான் ரோஸ்டர்; அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளி. அந்த நூறில் ஒரே ஒரு எஸ்.டி. புள்ளி.

இதைவிட மோசம், கைடு வாரியாக எண்ணுவது. ‘அவரிடம் இரண்டு, இவரிடம் ஒன்று’ என்று காலியிடத்தை ஆளுக்கு ஆள் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனியாகச் சுழற்சி போட்டால் எல்லோருமே முதல் சில புள்ளிகளிலேயே நிற்பார்கள். நான்கு பேர் வரம்புள்ள உதவிப் பேராசிரியர் பணிக்காலம் முழுக்க நூறு ஸ்காலரைப் பார்க்கப்போவதில்லை. அவருடைய ரோஸ்டரில் எஸ்.டி. புள்ளி காகிதத்தில் இருக்கும், காலத்தில் இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் ரோஸ்டரை முதல் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கினாலும் இதே கதிதான்.

திருத்தம் எளிது, அலுவலகத்தில் ஒரு பதிவேடு மாற வேண்டும், அவ்வளவே. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே ரோஸ்டர், ஆண்டு முடிந்தாலும் எண் தொடர வேண்டும். எல்லாத் துறையும் சேர்ந்து 200 இடம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு எஸ்.டி. இடம் உறுதி. உடனே அடுத்த கேள்வி வரும்: அந்த இரண்டும் எந்தத் துறைக்கு? இங்கே இரண்டு வழி உண்டு. துறைகளின் வரிசையை விளம்பரத்துக்கு முன்பே குலுக்கலில் முடிவுசெய்து பதிவுசெய்வது ஒன்று. எந்தத் துறைக்கும் கட்டாமல் மிதக்க விட்டு, எல்லாத் துறை எஸ்.டி. விண்ணப்பதாரர்களையும் ஒரே பட்டியலில் வைப்பது இன்னொன்று. தாவரவியல் தாளையும் பொருளியல் தாளையும் நேராக ஒப்பிட முடியாது என்பது நியாயமான தடை. ஆனால் தேர்வில் பாதி ஆய்வு முறையியல். அந்தப் பாதியை எல்லாத் துறைக்கும் பொதுத் தாளாக்கிவிட்டால் ஒப்பிட அளவுகோல் கிடைத்துவிடும். எங்களுக்கு இரண்டாவது வழிதான் மேல் என்று படுகிறது. முதல் வழியில் புள்ளி விழும் துறையில் அந்த ஆண்டு எஸ்.டி. விண்ணப்பமே வராமல் போகலாம்.

மிதக்கும் இடத்துக்கு ஒரு கைடு காலியாக இருந்தாக வேண்டும். விளம்பரத்துக்கு முன்பே ஒவ்வொரு துறையும் ஒரு காலியிடத்தை நிறுத்திவைக்காவிட்டால், பட்டியல் வெளிவரும் நாளில் ‘இடம் இருக்கிறது, கைடு இல்லை’ என்று முடியும்.

கன்சென்ட் கடிதம்

பல துறைகளில் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கைடிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது வழக்கம். சில இடங்களில் படிவத்திலேயே கைடு கையெழுத்துக்குக் கட்டம் இருக்கும். இன்னும் சில இடங்களில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. ஆனால் கன்சென்ட் இல்லாமல் வந்தவரை நேர்காணலில் ‘யாரைப் பார்த்தீங்க?’ என்று கேட்பார்கள். மாதிரிக் கோப்பில் நம் விண்ணப்பதாரர் நான்கு பேருக்கும் மின்னஞ்சல் எழுதுகிறார். ஒருவர் பதில் போடவில்லை. ஒருவர் ‘வேகன்சி இல்லை’ என்கிறார். ஒருவர் ‘நெட் முடிச்சிட்டு வாங்கம்மா’ என்கிறார். நான்காமவர் ‘நேரில் வாங்க’ என்கிறார். இரண்டு முறை மலை இறங்கி வந்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. விண்ணப்பக் கடைசி நாள் முடிகிறது. சேர்க்கைக் குழுவின் கணக்கில் இவர் விண்ணப்பிக்காதவர்.

அதே துறையில் எம்.எஸ்சி. படித்து, அதே ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்தவருக்குக் கன்சென்ட் ஒரு தேநீர் நேரத்து வேலை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்த பையன், வேலை தெரியும், போடுவோம் என்பதுதான். தெரிந்தவர் வட்டம் யாரால் ஆனது என்பதுதான் கேள்வி.

இந்தக் கட்டத்தை அளந்து பார்த்த ஆய்வு அமெரிக்காவில் உண்டு. காத்ரின் மில்க்மன், மோடுபே அகினோலா, டாலி சுக் மூவரும் 259 பல்கலைக்கழகங்களில் 6,500க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, ஆய்வில் சேர விரும்பும் மாணவர் எழுதுவதுபோல ஒரே வாசகத்தில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். பெயர் மட்டும் மாறியது: வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், இந்தியர், சீனர், ஆண், பெண். வெள்ளை ஆண் பெயர்களுக்கே பதில் கூடுதலாக வந்தது. நுண்கலைத் துறைகள் மட்டும் விதிவிலக்கு. 2015ல் வெளியான இந்த முடிவில் இந்தியப் பெயர்களும் பின்தள்ளப்பட்ட பக்கத்தில் இருக்கின்றன என்பதை நம் ஊர்க் கைடுகள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் கதவின் மறுபக்கத்தை எண்ணியிருக்கிறார்கள். லீடிங் ரூட்ஸ் என்ற அமைப்பின் 2019 அறிக்கைப்படி, அந்நாட்டு ஆய்வு மன்றங்கள் மூன்று ஆண்டுகளில் கொடுத்த 19,868 ஆய்வு உதவித்தொகைகளில் 1.2 விழுக்காடு மட்டுமே கறுப்பின, கறுப்பினக் கலப்பு மாணவர்களுக்குப் போனது. கரீபியப் பின்னணி கொண்டவர்கள் மொத்தமே 30 பேர். அதற்குப் பிறகுதான் 2021ல் பதின்மூன்று திட்டங்களுக்கு அரசு நிதி ஒதுக்கப்பட்டது. அவற்றுள் யார்க்ஷயர் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று, நாட்டிங்ஹாம் டிரென்ட்டை மையமாகக் கொண்ட கூட்டு ஒன்று. இனமும் சாதியும் ஒன்றல்ல; அங்கே ஒதுக்கீடு கிடையாது, இங்கே உண்டு. முன்பின் தெரியாத ஆசிரியருக்கு முதல் கடிதம் எழுத வேண்டிய கட்டம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

திருத்தம்: விண்ணப்பப் படிவத்திலிருந்து கைடு கையெழுத்துக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். 2016 ஒழுங்குமுறையே, தேர்வானவருக்குக் கைடை ஒதுக்குவது துறையின் வேலை என்றுதான் சொன்னது: காலியிடம், சிறப்புத் துறை, நேர்காணலில் மாணவர் சொன்ன ஆர்வம் ஆகிய மூன்றையும் பார்த்து. விண்ணப்பதாரர் மூன்று கைடுகளை விருப்ப வரிசையில் எழுதட்டும். ஒவ்வொரு கைடின் பெயர், தலைப்புகள், காலியிட எண்ணிக்கை ஆகியவை விளம்பரத்தோடு வெளிவரட்டும். ‘வேகன்சி இல்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லும் வழி அதோடு அடைபடும். முன்கூட்டிப் பேச விரும்புகிறவர்களுக்காகத் துறை ஒரு நாளைக் குறித்து, நான்கு கைடும் ஒரே அறையில் இருந்து, வந்த எல்லோருக்கும் பத்துப் பத்து நிமிடம் கொடுக்கலாம். வர முடியாதவருக்குத் தொலைபேசி. யார் வந்தார்கள் என்ற பட்டியலை நேர்காணல் குழுவிடம் தரக்கூடாது.

கைடுகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து ஆண்டு கூடவே வேலை செய்யப்போகிறவரைத் தெரியாமல் எப்படி எடுப்பது? அதனால் ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் கைடு மறுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மறுப்பு எழுத்தில், காரணத்தோடு, துறைக் குழுவின் முன் வர வேண்டும். மறுத்த கைடுக்கு அந்த இடத்தில் வேறு ஆளை எடுக்கும் உரிமை அந்தச் சுற்றில் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் வீண்.

சான்றிதழ்

தமிழ்நாட்டில் எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியர் தருவார், எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கையெழுத்தில் வர வேண்டும். 1989 நவம்பரிலிருந்து இந்த நிலை. விசாரணை, பழைய பதிவேடு, உறவினர் சான்றிதழ் என்று நாள் இழுக்கும். 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவின் மெய்த்தன்மைச் சரிபார்ப்பும் உண்டு. போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு, உண்மையானவர்களுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பைக் கொண்டுவந்தது.

விண்ணப்பக் காலம் பதினைந்து நாள் என்றால் இது ஓட்டப்பந்தயம். செய்ய வேண்டியது: இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு அல்லது பெற்றோரின் சான்றிதழ் இருந்தால் தற்காலிகமாக ஏற்று, பதிவு நாள் வரை அவகாசம் தருவது. மெய்த்தன்மைச் சரிபார்ப்பைச் சேர்க்கைக்கு முன்நிபந்தனை ஆக்கவே கூடாது. அது பின்னால் நடக்கட்டும். விண்ணப்பக் காலத்தைக் குறைந்தது 30 நாளாக்கி, அறிவிப்பை இணையதளத்தோடு நிறுத்தாமல் வட்டார அரசுக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாலே விண்ணப்பம் கூடும். அந்த ஆசிரியர்களிலேயே முதுநிலை முடித்தவர்கள் இருப்பார்கள், பகுதிநேர பிஎச்.டி.க்கு 2022 ஒழுங்குமுறை இடம் தருகிறது, மேலதிகாரியின் தடையின்மைச் சான்று வேண்டும்.

எழுத்துத் தேர்வு

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். நெட் வினாத்தாள், மொழிப் பாடங்கள் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு அது இரட்டைச் சுமை. பல்கலைக்கழகம் சொந்தமாகத் தேர்வு நடத்தினால் முறையியல் தாளையாவது இருமொழியில் அச்சிட்டுத் தர எந்த விதியும் குறுக்கே நிற்காது. மொழிபெயர்ப்பை அந்தப் பாடம் நடத்துகிறவர் சரிபார்க்க வேண்டும். ‘மாறிலி’யும் ‘மாறி’யும் இடம் மாறிய வினாத்தாளைவிட ஆங்கிலத் தாளே மேல்.

வைவா

வைவா என்பது நேர்காணல்; முப்பது மதிப்பெண்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். வழக்கமான வழியிலேயே கன்சென்ட்டைத் தாண்டி வந்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நம் விண்ணப்பதாரர் எழுத்தில் 64. எழுபதுக்கு மாற்றினால் 44.8. இன்னொருவர் 55, மாற்றினால் 38.5. வித்தியாசம் 6.3. வைவாவில் இவருக்கு 13, அவருக்கு 26 போட்டால் இவர் 57.8, அவர் 64.5. எழுத்தில் ஒன்பது மதிப்பெண் பின்னால் இருந்தவர் பதினைந்து நிமிடத்தில் முன்னால் வந்துவிட்டார். எழுத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் நெருங்கி நிற்கும். வைவா மதிப்பெண் பத்திலிருந்து இருபத்தெட்டு வரை பரவும். பரவல் அதிகமுள்ள பகுதியே வரிசையைத் தீர்மானிக்கும். எடை எவ்வளவு என்பது அதற்கு அடுத்த விஷயம்.

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2012 முதலான சேர்க்கைத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, எழுத்து மதிப்பெண்ணுக்கும் வைவா மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுக்கேற்ப மாறுவதைக் கண்டது. வைவாவை 30லிருந்து 15 ஆக்கச் சொன்னது அந்த 2016 அறிக்கை. துறை அளவில் அந்த எடையை மாற்ற முடியாது, ஒழுங்குமுறை கட்டுப்படுத்தும். பரவலைக் கட்டுப்படுத்த முடியும்.

எப்படி? மதிப்பெண் தாளில் நான்கே வரி: ஆய்வுக் கேள்வி 8, முறை 10, வாசிப்பு 6, நடைமுறை 6. ‘கம்யூனிகேஷன்’, ‘பெர்சனாலிட்டி’, ‘ஓவரால் இம்ப்ரெஷன்’ எதுவும் வேண்டாம். அவைதான் ஆங்கில உச்சரிப்புக்கும் சட்டைக்கும் கல்லூரிப் பெயருக்கும் மதிப்பெண் போகும் குழாய்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பதிலுக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். முறைக்கு இப்படி:

9–10: என்ன அளப்பார், எங்கே, எத்தனை, எதை எதோடு ஒப்பிடுவார் என்று சொல்கிறார், முடிவைக் கெடுக்கக்கூடிய ஒரு காரணத்தையாவது தானே எடுத்துச் சொல்கிறார்.
6–8: அளவும் எண்ணிக்கையும் சொல்கிறார், கெடுக்கும் காரணத்தைக் கேட்டால் சொல்கிறார்.
3–5: முறையின் பெயர் தெரிகிறது, தன் ஆய்வில் பொருத்தத் தெரியவில்லை.
0–2: பொதுச் சொற்கள் மட்டும்.

இதன் பலன் ஒரே கேள்வியில் தெரியும். ‘சில்வர் ஓக் நிழலில் கன்று வகை குறையும் என்று எப்படிக் காட்டுவீர்கள்?’

முதல் ஆள், அதாவது எழுத்தில் 55 எடுத்தவர், நல்ல ஆங்கிலத்தில், தேர்ந்தெடுத்த எஸ்டேட்களில் கள ஆய்வு நடத்தி, நவீனப் புள்ளியியல் மென்பொருளால் பகுப்பாய்வு செய்வேன் என்கிறார்.

நம் விண்ணப்பதாரர்: ‘இருபதுக்கு இருபது மீட்டர் கட்டம் சார், ரெண்டு வகைத் தோட்டத்திலயும் பத்துப் பத்து. மரத்துச் சுற்றளவு நெஞ்சு உயரத்துல, 1.37 மீட்டர்ல எடுப்பேன். கன்னு எண்ண அந்தக் கட்டத்துக்குள்ளயே ரெண்டுக்கு ரெண்டுல அஞ்சு சின்னக் கட்டம். களை வெட்டுன தோட்டத்தையும் வெட்டாததையும் ஒண்ணாப் போடக்கூடாது. போட்டா நிழலால குறைஞ்சுதா, அரிவாளால குறைஞ்சுதான்னு தெரியாது.’

பழைய தாளில் முதல் ஆளுக்கு 26 விழுந்ததற்கும் இவருக்கு 13 விழுந்ததற்கும் காரணம் இந்த இரண்டு பதிலின் மொழிதான். புதிய தாளில் முதல் பதில் முறைக்கு 3ஐத் தாண்டாது, இரண்டாவது 9. சில்வர் ஓக்கை ‘கிரெவில்லியா ரொபஸ்டா’ என்று சொல்லத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் அதற்கு இடம் வாசிப்பு வரி, அதுவும் ஆறில் ஒன்று.

மற்ற ஏற்பாடுகள்: குழுவில் மூன்று பேர், ஒருவர் வெளியாள், ஒருவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி. ஆசிரியர். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டு, தாளை மடித்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு. ‘இவர் எப்படி, ஓகேவா?’ என்று மூத்தவர் முதலில் கேட்டுவிட்டால் மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். இருவருக்குள் 6க்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் காரணம் எழுத வேண்டும். மதிப்பெண்ணை மாற்றச் சொல்லக்கூடாது. எழுத்து மதிப்பெண் குழுவுக்குத் தெரியக்கூடாது. தமிழில் பதில் சொல்லலாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே அச்சிட வேண்டும். அறைக்குள் வாய்மொழியாகச் சலுகைபோலச் சொன்னால் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். எல்லோரையும் காலை ஒன்பதரைக்கு வரச்சொல்லி மாலை வரை உட்காரவைப்பதும் நிற்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இன்னொரு பேருந்து மாறி ஊர் போக வேண்டியவருக்கு முற்பகல் நேரம் குறித்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை.

பெயரை மறைத்துக் கோப்பைப் படித்தால் போதாதா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவது பெரும்பாலும் போய்விட்டதால் பெயர் அதிகம் காட்டிக்கொடுப்பதில்லை. காட்டிக்கொடுப்பவை வேறு: பள்ளியின் பெயர், முகவரியில் வரும் ‘காலனி’, ஊர், முன்பு பெற்ற உதவித்தொகையின் பெயர். எனவே முன்மொழிவை மட்டும் பிரித்து, எண் போட்டு, முதலில் படிக்கத் தர வேண்டும். பின்னணி விவரத்தை வேறொருவர் தனித் தாளில் எழுதி வைக்கட்டும்: முதல் தலைமுறைப் பட்டதாரியா, முதுநிலைத் துறையில் ஆய்வகம் இருந்ததா, படிக்கும்போது கூலி வேலை பார்த்தாரா. காபிப் பறிப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். அந்த மாதங்களில் விழுந்த செமஸ்டர் மதிப்பெண்ணை மற்ற செமஸ்டரோடு வைத்துப் பார்த்தால் ஆளின் திறம் வேறாகத் தெரியலாம்.

புதிய தாளில் நம் விண்ணப்பதாரருக்கு 23, 21, 25, சராசரி 23. மொத்தம் 67.8. முதல் ஆளுக்கு 20, மொத்தம் 58.5.

‘தகுதியானவர் இல்லை’

ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆள் வந்தும் ‘நாட் ஃபவுண்ட் சூட்டபிள்’ என்று மூன்று சொல்லில் மூடுவது பழைய பழக்கம். எழுத்தில் 45 தாண்டியவரைத் தகுதியில்லை என்று சொல்ல வேண்டுமானால் எந்த வரியில், எந்தப் பதிலுக்காக என்று வெளி உறுப்பினரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இடத்தை அந்த ஆண்டிலேயே ஒருமுறை மறுவிளம்பரம் செய்து, அதற்கும் வராவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வேறு பிரிவுக்கு மாற்றும் அதிகாரம் துறைக்குக் கொடுத்தால், ஒவ்வோர் ஆண்டும் தகுதியானவர் இல்லாமலேதான் போவார்கள்.

பணம்

தேசிய பழங்குடியினர் ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். முழுநேர எஸ்.சி., எஸ்.டி. ஆய்வாளர்களுக்கு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம். இரண்டுமே பதிவுக்குப் பிறகு விண்ணப்பித்து, பிறகு வருபவை. சேர்ந்த நாளுக்கும் முதல் தொகைக்கும் நடுவில் விடுதி முன்பணம், பதிவுக் கட்டணம், கள ஆய்வுப் பயணம் எல்லாம் நிற்காது. பிடித்துக்கொள்ளும் வகையில் ஒரு முன்பணம் பல்கலைக்கழகம் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கோர்ஸ் ஒர்க் முடியும் முன்பே ஆள் கெஸ்ட் லெக்சரர் வேலைக்குப் போய்விடுவார்.

எண்ணுவது

ஏழு கட்டத்தில் தலை எண்ண வேண்டும்: விசாரித்தவர், விண்ணப்பித்தவர், தகுதி பெற்றவர், நேர்காணலுக்கு வந்தவர், இடம் பெற்றவர், சேர்ந்தவர், மூன்றாம் ஆண்டில் இருப்பவர். எல்லாவற்றையும் பிரிவு வாரியாக. முதல் கட்டத்தை யாருமே எண்ணுவதில்லை. நம் மாதிரிக் கோப்பு விழுந்தது அங்கேதான். துறைக்கு ஒரு பொது மின்னஞ்சல் முகவரி வைத்து, விசாரணை எல்லாம் அதன் வழியாக வந்தால் எத்தனை பேருக்குப் பதில் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

ஆறு இடத்தில் ஒரு ஆள் மாறினாலே 17 விழுக்காடு ஆடும். ஒரு துறையின் ஓராண்டு எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பாராட்டவும் முடியாது. ஐந்து ஆண்டு சேர்த்து, புலம் அளவில் பார்க்க வேண்டும். ஐந்து பேருக்குக் கீழே உள்ள கட்டத்தை வெளியே தரக்கூடாது; ஒரே ஒரு எஸ்.டி. ஸ்காலர் உள்ள துறையில் எண்ணே பெயராகிவிடும்.

இரண்டாம் ஓட்டத்தின் முடிவு

திருத்திய வழியில் நம் விண்ணப்பதாரர் 67.8 எடுத்துத் துறைப் பட்டியலில் இரண்டாவது. முதுநிலையிலோ தேர்விலோ எந்தத் தளர்வையும் பயன்படுத்தவில்லை. ஆறில் இரண்டு இடம் பொதுப்போட்டி என்றால் அவருடைய இடம் அதுதான். பொதுப்போட்டி என்பது எல்லோருக்கும் பொது. மேல்சாதிக்கான ஒதுக்கீடு என்று அதைப் புரிந்துகொள்கிறவர்கள் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறார்கள். கோப்பு இங்கேதான் கடைசியாக ஒருமுறை தடுக்கும். சான்றிதழில் எஸ்.டி. என்று பார்த்ததும் எழுத்தர் பழக்க தோஷத்தில் எஸ்.டி. புள்ளியில் பெயரை ஏற்றிவிடுவார். யாரும் கவனிக்கமாட்டார்கள், விண்ணப்பதாரருக்கும் இடம் கிடைத்துவிட்டதால் புகார் வராது. ஆனால் அந்தப் புள்ளி நிரம்பிவிட்டது. மலைக் கிராமங்களான வாழவந்தியிலிருந்தோ செம்மநத்தத்திலிருந்தோ வந்து 46 எடுத்த இன்னொருவர் அடுத்த நூறு வரை காத்திருக்க வேண்டும். எனவே பட்டியல் கையெழுத்தாகும் முன் ரோஸ்டர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை, இடஒதுக்கீட்டைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் எடுத்துப் பார்த்து, பெயருக்கு எதிரே ‘பொதுப்போட்டி’ என்று எழுதியிருக்கிறதா, எஸ்.டி. புள்ளி காலியாக இருக்கிறதா என்று சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும்.